எண்ணுக்கு விழுந்த அபராதம்

ஸ்டீவ் கிராமர் என்ற அமெரிக்க அரசியல் ஆலோசகருக்கு, அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2024 செப்டம்பரில் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதிபர் ஜோ பைடனின் குரலை ஏஐ கொண்டு போலியாகச் செய்து, ஆயிரக்கணக்கான வாக்காளர்களின் தொலைபேசியில் ஒலிக்கவிட்டவர் இவர். போலிக் குரலுக்குத்தான் இந்தத் தண்டனை என்றே உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆணை எந்தச் சட்டப் பிரிவின் கீழ் எழுதப்பட்டது என்று பார்த்தால் கதை மாறுகிறது. தன்னுடையதல்லாத ஒரு தொலைபேசி எண்ணைத் தன் எண்போலத் திரையில் காட்டியதற்காக விழுந்த அபராதம் அது. அந்த அழைப்புகளை வலைப்பின்னலுக்குள் அனுமதித்த லிங்கோ டெலிகாம் நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்ததும், எண்ணைச் சரிபார்க்காமலே நற்சான்று கொடுத்த தவறுக்காக. குரலைச் செய்ததற்கென்று ஒருவரிடமும் ஆணையம் ஒரு டாலர்கூடக் கேட்கவில்லை.

செயற்கைக் குரல் அழைப்புகளை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற விவாதம் பெரும்பாலும் குரலைச் சுற்றியே நடக்கிறது. எது அசல், எது போலி, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி முத்திரை குத்துவது என்று பேசிக்கொண்டே போகிறோம். அமெரிக்காவின் முப்பதாண்டு அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால், பிடி கிடைத்த இடங்கள் வேறு என்பது தெரியும்.

கிராமரின் அழைப்புகள் போனது நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களுக்கு; அந்த வழக்கின் விவரங்கள் விசித்திரமானவை. 2024 ஜனவரி 23 அங்கே கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதல்நிலைத் தேர்தல். ஜனநாயகக் கட்சித் தலைமை அந்த ஆண்டு முதல் தேர்தலைத் தெற்குக் கரோலினாவுக்கு மாற்றிவிட்டிருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் அதற்கு இணங்காமல் தன் வழக்கப்படியே முதலில் நடத்தியது. எனவே வாக்குச்சீட்டில் பைடன் பெயரே இல்லை. பெயரைக் கையால் எழுதி வாக்களியுங்கள் என்று அவருடைய ஆதரவாளர்கள் பிரசாரம் செய்துகொண்டிருந்தார்கள். தேர்தலுக்கு இரண்டு நாள் முன், ஞாயிற்றுக்கிழமையன்று, வாக்காளர் வீடுகளில் தொலைபேசி ஒலித்தது. பைடனின் பேச்சில் அடிக்கடி தலைகாட்டும் ‘மலார்க்கி’ என்ற சொல்லோடு தொடங்கிய குரல், உங்கள் வாக்கை நவம்பருக்குச் சேமித்து வையுங்கள், இந்தச் செவ்வாய்க்கிழமை வாக்களிக்கத் தேவையில்லை என்ற தொனியில் பேசியது. திரையில் தெரிந்த எண், கையால் பெயரெழுதும் பிரசாரத்தை முன்னின்று நடத்திய ஒரு முன்னாள் மாநிலக் கட்சித் தலைவருடையது. அழைப்பு 5,000 முதல் 25,000 பேருக்குப் போயிருக்கலாம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் மதிப்பிட்டது.

குரலைச் செய்து கொடுத்தவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஒரு மேஜிக் கலைஞர். 150 டாலர் கூலி. வேலை முடிய 20 நிமிடம்கூட ஆகவில்லை, மென்பொருளுக்கு ஆன செலவு ஒரே ஒரு டாலர் என்று அவரே பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார். கிராமர், பைடனை எதிர்த்து நின்ற டீன் ஃபிலிப்ஸின் பிரசாரத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தவர். இந்த அழைப்பு தமக்குத் தெரியாமல் நடந்தது என்று ஃபிலிப்ஸ் தரப்பு கைகழுவியது. ஏஐயின் ஆபத்தை நாட்டுக்கு உணர்த்தவே இதைச் செய்தேன், 500 டாலர் செலவில் 50 லட்சம் டாலர் பெறுமான கவனத்தை ஈர்த்தேன் என்றார் கிராமர். கைக்காசு போட்டு மோசடி செய்துவிட்டு விழிப்புணர்வு முகாம் நடத்தியதாகச் சொல்வது புதிய உத்தி இல்லை.

மாநில அரசு அவர்மீது வாக்காளரைத் தடுத்ததாகவும் வேட்பாளராக ஆள்மாறாட்டம் செய்ததாகவும் குற்றவியல் வழக்குத் தொடுத்தது. 2025 ஜூனில் ஜூரி அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. கிராமர் தரப்பு வாதம் எளிமையானது: கட்சித் தலைமையே ஏற்காத அந்தத் தேர்தல் வெறும் கருத்துக்கணிப்புக்குச் சமம், பைடன் அதில் வேட்பாளராகப் பதிவு செய்யவே இல்லை, அந்தக் குரலும் தன்னைப் பைடன் என்று ஒரு இடத்திலும் பெயர் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டவர் எல்லோருக்கும் அது யாருடைய குரல் என்று தெரிந்திருந்தது. ஆனால் ஆள்மாறாட்டம் என்று சட்டத்தில் எழுதியிருப்பதற்குள் அந்தத் தெரிதலை அடைக்க முடியவில்லை.

இந்த அமளிக்கு நடுவே, 2024 பிப்ரவரி 8 அன்று, எஃப்.சி.சி. ஒருமனதாக ஒரு விளக்க ஆணை வெளியிட்டது. ஏஐ உருவாக்கும் குரல், 1991ஆம் ஆண்டின் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடும் செயற்கைக் குரலே என்பதுதான் அதன் சாரம். ஏஐ அழைப்புகளுக்குத் தடை என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன. அது பாதிதான் சரி. ஆணையம் புதிய தடை எதையும் கொண்டுவரவில்லை. பழைய வேலி இந்தப் புதிய ஆட்டுக்கும் பொருந்தும் என்று சொன்னது, அவ்வளவே. அழைக்கப்படுபவர் முன்கூட்டியே சம்மதம் தந்திருந்தால் ஏஐ குரலில் அழைப்பது இன்றும் அங்கே சட்டப்படி சரி.

அந்தப் பழைய வேலி எப்படிப் போடப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 1980களில் தானே எண்களைச் சுழற்றிப் பதிவுக் குரலை ஒலிக்கவிடும் கருவிகள் மலிவாகக் கிடைத்தன. அவை எண்களை வரிசையாக அழைத்துக்கொண்டே போகும். மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், நோயாளியின் படுக்கையருகே இருக்கும் தொலைபேசி என்று அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிட்டாலும் சில கருவிகள் இணைப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸை அழைக்க முடியாது. நாகரிக வாழ்வின் சாபக்கேடு இது என்று தெற்குக் கரோலினா செனட்டர் ஃபிரிட்ஸ் ஹாலிங்ஸ் செனட்டில் பொரிந்து தள்ளினார். சட்டம் பிறந்தது. அது பதிவுக் குரல் பொய் சொல்கிறதா என்று கேட்கவில்லை. அந்தக் குரல் யாருடையது என்றும் கேட்கவில்லை. கேட்பவர் சம்மதித்தாரா என்று மட்டும் கேட்டது. சம்மதமில்லாமல் கைபேசிக்கோ, வீட்டுத் தொலைபேசிக்கோ செயற்கைக் குரலிலோ பதிவுக் குரலிலோ அழைத்தால், அழைப்புக்கு 500 டாலர் வீதம் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். தெரிந்தே செய்திருந்தால் 1,500 டாலர் வரை.

500 டாலர் அற்பத் தொகையாகத் தோன்றும். பெருக்கிப் பார்க்கவேண்டும். விசாலஸ் என்ற எடைக்குறைப்புப் பொருள் விற்கும் நிறுவனம் 18,50,440 பதிவுக் குரல் அழைப்புகளைச் சட்டவிரோதமாகச் செய்தது என்று 2019இல் ஒரு ஜூரி தீர்ப்பளித்தது. கணக்கு 92 கோடியே 52 லட்சம் டாலரில் வந்து நின்றது. இவ்வளவு பெரிய தொகை அரசியல் சாசனப்படி முறையானதா என்று ஆராயச் சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறகு அதைத் திருப்பி அனுப்பியது. ஆனாலும் கம்பெனி வக்கீல்களின் தூக்கத்தைக் கெடுக்க அந்த எண் போதும். அமெரிக்காவில் ஒழுங்கான வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ சம்மதப் படிவத்தில் இவ்வளவு கவனமாக இருப்பதற்குக் காரணம் ஆணையத்தின் மீதுள்ள பயமில்லை, இந்த வழக்குகள் மீதுள்ள பயம்.

ஏஐ வருவதற்கு முன்பே இயந்திரத்துக்கும் மனிதருக்கும் நடுவிலிருந்த கோடு அழியத் தொடங்கிவிட்டது. 2013 டிசம்பரில் டைம் பத்திரிகையின் வாஷிங்டன் செய்தியாளருக்கு சமந்தா வெஸ்ட் என்ற பெயரில் ஒரு பெண்குரல் அழைப்பு வந்தது. காப்பீடு பற்றிக் குழைவாகப் பேசியது. நீங்கள் ரோபோவா என்று கேட்டதற்குக் கலகலவென்று சிரித்து, இல்லை, மனுஷிதான் என்றது. தக்காளி சூப்பில் என்ன காய் இருக்கும் என்று கேட்டபோது, கேள்வி புரியவில்லை என்றது. பத்திரிகையின் மற்றவர்கள் திரும்ப அழைத்தபோதும் அதே சிரிப்பு, துளி மாற்றமில்லாமல். பிறகு வெளிவந்த விளக்கம்: அங்கே ரோபோ இல்லை. வேறு நாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஊழியர், எதிர்முனையின் பேச்சைக் கேட்டுக்கொண்டே, முன்பே அமெரிக்க உச்சரிப்பில் பதிந்து வைத்த துண்டுகளை விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தார். சிரிப்புக்கு ஒரு பொத்தான், ஆமாம் என்பதற்கு ஒன்று, ரோபோ இல்லை என்பதற்கு ஒன்று. தன் உச்சரிப்பு வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்பதால் வாயை மூடிக்கொண்டு விரலால் பேசும் வேலை.

தொழிலில் இதற்கு சவுண்ட்போர்டு என்று பெயர். எங்கள் அழைப்பில் உயிருள்ள மனிதர் இருக்கிறார், ஆகவே சட்டம் எங்களைத் தொடாது என்று நிறுவனங்கள் வாதாடின. 2020 டிசம்பரில் எஃப்.சி.சி. அதை ஏற்கவில்லை: காதில் விழுவது பதிவுக் குரல் என்றால் பொத்தானை யார் அழுத்துகிறார் என்பது பொருட்டில்லை. 2024இன் ஏஐ ஆணைக்கு உண்மையான முன்னோடி இந்த முடிவுதான். கேட்பவரின் காதிலிருந்து தொடங்கிச் சிந்தித்த முடிவு அது.

அடுத்த சிக்கல் இதைவிட நுட்பமானது. சனாஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள், பேசுபவரின் உச்சரிப்பை அந்தக் கணத்திலேயே மாற்றி எதிர்முனைக்குக் கொடுக்கிறது. டெலிபெர்ஃபார்மன்ஸ் என்ற உலகளாவிய கால்சென்டர் நிறுவனம் தன் இந்திய ஊழியர்களுக்கு இதைப் பயன்படுத்துவதாக 2025இல் அறிவித்தது. ஊழியர் தானே பேசுகிறார், சொற்கள் அவருடையவை, பதிவு எதுவும் இல்லை. ஆனால் காதில் விழும் ஒலியை இயந்திரம் செய்கிறது. இது செயற்கைக் குரலா? காதை அளவுகோலாகக் கொண்டால் ஆமாம் என்று சொல்லவேண்டிவரும். அப்படிச் சொன்னால் ஒழுங்காக வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான கால்சென்டர் ஊழியர்கள் ரோபோகால் எனப்படும் தானியங்கி அழைப்புகளுக்கான சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். என் கருத்தில், ஒரு மனிதர் ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டுமே பேச முடியும் என்ற இயற்கையான கட்டுப்பாடு இருக்கும் வரை அதைத் தானியங்கி அழைப்பாகக் கருதக்கூடாது. அந்தச் சட்டம் தடுக்க நினைத்த தீமை, ஒரே ஆள் லட்சம் பேரை ஒரே பகலில் தொல்லை செய்வது. இருந்தாலும் 1991இன் சொற்களில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை.

விதிவிலக்குகளைப் பற்றியும் சொல்லவேண்டும். வணிகம் சாராத அழைப்புகள், அதாவது அரசியல், கருத்துக்கணிப்பு போன்றவை, வீட்டுத் தரைவழித் தொலைபேசிக்குச் சம்மதம் இல்லாமலே போகலாம். 30 நாளில் மூன்று முறை என்பது இப்போதைய வரம்பு. அழைப்பவர் யார் என்று தொடக்கத்திலேயே சொல்லவேண்டும். ஏஐ குரலைப் பழைய செயற்கைக் குரலோடு ஒரே தட்டில் வைத்ததால் இந்தச் சலுகையும் ஏஐக்குச் சேர்ந்தே கிடைத்துவிட்டது. கைபேசிக்கும் சலுகை வேண்டும் என்று அரசியல் ஆலோசகர்களின் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசுக்குச் சேரவேண்டிய கடனை வசூலிக்கும் அழைப்புகளுக்கு 2015இல் நாடாளுமன்றம் விலக்கு அளித்திருந்தது. அவர்கள் பேச்சுக்கு விலக்கு, எங்கள் பேச்சுக்குத் தடையா என்பது சங்கத்தின் வாதம். பாரபட்சம்தான் என்று 2020இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, தடையை எடுக்காமல் விலக்கை எடுத்துவிட்டது. சங்கம் வழக்கில் ஜெயித்து வெறுங்கையோடு வீடு திரும்பியது.

இனி அபராதத்தின் கதைக்கு வருவோம். 2015 முதல் 2019 வரை ரோபோகால்காரர்களுக்கு எஃப்.சி.சி. விதித்த அபராதம் மொத்தம் 20 கோடி டாலருக்கும் மேல். அதில் வசூலானது 6,790 டாலர் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2019இல் எழுதியது. தட்டச்சுப் பிழை இல்லை. ஆறாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. ஆணையம் விதிக்கலாம், ஆனால் வசூலிக்க நீதித்துறை அமைச்சகம் தனியே வழக்குப் போடவேண்டும். அதற்குள் கம்பெனி கலைந்திருக்கும், பணம் கடல் தாண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு அனுபவமும் அதே ஆணையத்துக்கு உண்டு. உங்கள் காரின் வாரண்டி முடியப்போகிறது என்று சொல்லும் பதிவுக் குரல் அமெரிக்காவில் நகைச்சுவைத் துணுக்காகும் அளவுக்குப் புகழ்பெற்றது. ஒரே கும்பல் 2021இல் மூன்று மாதங்களில் 500 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளைச் செய்திருந்தது. 2023 ஆகஸ்டில் அந்தக் கும்பலுக்கு ஏறக்குறைய 30 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆணையத்தின் வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை. ஆனால் அழைப்புகள் அதற்கு ஓராண்டு முன்பே நின்றுபோயிருந்தன. 2022 கோடையில், அந்தக் கும்பலின் அழைப்புகளைச் சுமந்துவந்த சிறு நிறுவனங்களிடமிருந்து வரும் போக்குவரத்தை ஏற்காதீர்கள் என்று மற்றத் தொலைபேசி நிறுவனங்களுக்கு ஆணையம் கட்டளையிட்டது. அந்த வகை அழைப்புகள் 99 விழுக்காடு குறைந்தன. சாதனை அபராதத்தால் ஆகாதது ஒரு குழாயை மூடியதால் ஆயிற்று.

குழாயை எங்கே மூடுவது என்று தெரியவேண்டுமானால் அழைப்பு எங்கே நுழைந்தது என்று தெரியவேண்டும். அதற்காக 2019இல் டிரேஸ்டு சட்டம் வந்தது. பெரிய நிறுவனங்கள் 2021 ஜூன் 30க்குள் ஸ்டர்-ஷேக்கன் என்ற சான்றளிப்பு முறைக்கு மாறவேண்டும் என்று கட்டாயமாயிற்று. (ஜேம்ஸ் பாண்டின் மார்ட்டினியைக் கலக்கும் முறையிலிருந்து எடுத்த பெயர், பொறியாளர்களின் ரசனை அப்படி.) அழைப்பு எந்த நிறுவனத்திலிருந்து கிளம்புகிறதோ அந்த நிறுவனம் அதன்மேல் ஒரு மின்கையெழுத்துப் போட்டு அனுப்பும். மூன்று தரம் உண்டு. இந்த வாடிக்கையாளரை எனக்குத் தெரியும், இந்த எண்ணைப் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டு என்றால் ஏ. ஆளைத் தெரியும், எண்ணைப் பற்றித் தெரியாது என்றால் பி. எந்த வாசல் வழியாக வந்தது என்பது மட்டும் தெரியும் என்றால் சி. அடுத்தடுத்த நிறுவனங்கள் இந்தத் தரத்தைப் பார்த்து அழைப்பை விடலாமா, சந்தேகத்துக்குரியது என்று காட்டலாமா என்று முடிவு செய்கின்றன. பழைய செப்புக்கம்பி வழி வலைப்பின்னல்களில் இந்தக் கையெழுத்து உதிர்ந்துவிடும் என்பது முறையின் பெரிய ஓட்டை.

நியூ ஹாம்ப்ஷயரின் பைடன் அழைப்புகளுக்கு லிங்கோ டெலிகாம் போட்ட தரம் ஏ. அந்த எண்ணின் உண்மையான உரிமையாளரை அந்த நிறுவனம் கேட்கவே இல்லை. அழைப்பைக் கொண்டுவந்த வாடிக்கையாளர் சொன்னதை நம்பியது. போலிக் குரலைவிட இந்தப் போலிச் சான்று எனக்கு அதிகக் கவலை தருகிறது. குரலைச் செய்ய 20 நிமிடமும் ஒரு டாலரும் போதும். அதை இன்னொருவர் நாளைக்கே செய்யலாம், தடுக்க வழியில்லை. அந்தக் குரல் ஆயிரம் வீடுகளுக்குள் போக ஒரு நிறுவனத்தின் வாசல் வேண்டும். அந்த நிறுவனத்துக்கு முகவரி உண்டு, உரிமம் உண்டு, இழப்பதற்குத் தொழிலும் உண்டு. 2024 ஆகஸ்டு உடன்பாட்டில் லிங்கோ 10 லட்சம் டாலரோடு வேறு சில நிபந்தனைகளுக்கும் தலையாட்டியது: தானே வழங்கிய எண்ணுக்கு மட்டுமே ஏ தரம், வாடிக்கையாளரின் அடையாளத்தை விசாரித்து உறுதி செய்வது, தனக்கு அழைப்பைக் கைமாற்றும் மற்ற நிறுவனங்களையும் விசாரிப்பது. ஆண்டுக்குப் பின் ஆண்டாக இந்தப் பிடி இறுகுகிறது. ரோபோகால் தடுப்புத் திட்டத்தை முறையாகப் பதிவு செய்யாத 1,200க்கும் மேற்பட்ட நிறுவனங்களை 2025 ஆகஸ்டில் எஃப்.சி.சி. தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பட்டியலில் இல்லாத நிறுவனத்தின் அழைப்பை மற்றவர்கள் ஏற்கக்கூடாது என்பதால், நீக்கம் என்பது கடையடைப்பு.

குரலைப் பற்றிய ஆணை இவ்வளவு உறுதியான தரையில் நிற்கவில்லை. அது நாடாளுமன்றம் இயற்றிய திருத்தம் இல்லை, ஓர் ஆணையம் பழைய சட்டத்துக்குத் தந்த விளக்கம். 2024 ஜூனில் லோப்பர் பிரைட் வழக்கில், சட்டத்தின் பொருள் தெளிவில்லாதபோது அரசு அமைப்பின் விளக்கத்துக்கு நீதிமன்றங்கள் பணியவேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜூனில் மெக்லாஃப்லின் வழக்கில், இதே தொலைபேசிச் சட்டத்துக்கு எஃப்.சி.சி. தரும் விளக்கம் மாவட்ட நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. ஒரு சம்மதப் பெட்டியை டிக் செய்தால் பல நிறுவனங்களுக்குச் சேர்த்துச் சம்மதம் தந்ததாகாது என்று ஆணையம் கொண்டுவந்த விதியை, நடைமுறைக்கு வரும் முன்பே 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ரத்து செய்தது. செயற்கைக் குரல் என்றால் ஏஐ குரலும்தான் என்பதை எந்த நீதிபதியும் எளிதில் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். உச்சரிப்பு மாற்றும் மென்பொருள் போன்ற ஓரங்களில்தான் ஆளுக்கொரு தீர்ப்பு வரும்.

ஏஐ குரலை முற்றாகத் தடை செய்தால் என்ன என்று கேட்பவர்கள் ஜெனிஃபர் வெக்ஸ்டனை நினைத்துப் பார்க்கலாம். அப்போது வர்ஜீனியாவின் மக்களவை உறுப்பினராக இருந்த அவருக்குப் பேச்சைப் பறிக்கும் நரம்புநோய். 2024 ஜூலையில், தன் பழைய பேச்சுப் பதிவுகளிலிருந்து செய்த ஏஐ குரலில் அவையில் உரையாற்றினார். அவருக்கு அந்தக் குரலைச் செய்து கொடுத்தது லெவன் லேப்ஸ். ஆறு மாதம் முன்பு பைடன் அழைப்புக்குப் பயன்பட்டதும் அதே நிறுவனத்தின் கருவி. அடுத்த மாதமே எஃப்.சி.சி. முன்வைத்த விதி வரைவில், ஏஐ குரல் என்பதை அழைப்பின் தொடக்கத்திலேயே அறிவிக்கவேண்டும் என்றும், பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் தாமே செய்யும் அழைப்புகளுக்கு விலக்கு உண்டு என்றும் சேர்ந்தே இருந்தது.

நம் ஊரில் இதே விஷயம் வேறு முகத்தோடு வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் வாக்களித்த அதே 2024 ஜனவரி 23 அன்று, டி.ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டில், 2018இல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றித் தம் கரகரத்த குரலில் வாழ்த்தினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளன்று, அவருடைய ஏஐ குரலில் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவு கேட்கும் ஒலிப்பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏ.ஆர். ரகுமான் பயன்படுத்தியதும் அந்த ஜனவரியில்தான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் தந்ததாக அவரே பொதுவில் விளக்கினார். சினிமாக்காரர் ஒருவர் தானாகக் கடைப்பிடித்த இந்த ஒழுங்கை அரசியல் கட்சிகளிடம் யாரும் எழுத்தில் கேட்கவில்லை. அமெரிக்கத் தொலைபேசிச் சட்டம் கேட்பவரின் சம்மதத்தைக் கேட்கிறது, குரலுக்குரியவரின் சம்மதத்தைக் கேட்பதில்லை. அந்தக் குறையை டென்னஸி மாநிலம் 2024 மார்ச்சில் எல்விஸ் சட்டம் கொண்டுவந்து தன் எல்லைக்குள் தீர்த்துக்கொண்டது. நம்மிடம் இரண்டு சம்மதமும் அரைகுறை.

பதிவுக் குரலில் ஓட்டுக் கேட்பதில் இந்தியா பழம் தின்று கொட்டை போட்ட நாடு. 2004 மக்களவைத் தேர்தலில் வாஜ்பாயின் குரல் லட்சக்கணக்கான தொலைபேசிகளில் ஒலித்தது. வணிக அழைப்புகளுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒழுங்கான கட்டமைப்பு வைத்திருக்கிறது: விளம்பரத்துக்கு 140இல் தொடங்கும் எண்கள், வங்கி முதலியவற்றின் சேவை அழைப்புக்கு 1600இல் தொடங்கும் எண்கள், வேண்டாம் என்று பதிவு செய்ய 1909. பதிவு பெறாத டெலிமார்க்கெட்டர்களின் இணைப்புகளைத் துண்டிக்க 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டபோது, சில வாரங்களில் 2.75 லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டு இந்திய எண்ணைக் காட்டும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை அதே ஆண்டு அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை தொடங்கியது; முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி அழைப்புகள் சிக்கின. அழைப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் சிஎன்ஏபி முறையையும் டிராய் பரிந்துரைத்திருக்கிறது. எண்ணைப் பிடிப்பதில் நாம் அமெரிக்காவுக்குப் பின்தங்கியவர்கள் இல்லை.

ஆனால் இந்தக் கட்டமைப்பு பொருளும் சேவையும் விற்பவர்களைச் சுற்றி எழுதப்பட்டது. ஓட்டுக் கேட்பது அதற்குள் எளிதில் அடங்காது. அது தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளும் குரல் செய்திகளும் முன்சான்றுக்கு உட்பட்டவை என்று ஆணையம் சொல்லியிருக்கிறது. மாவட்ட, மாநிலக் குழுக்கள் அவற்றில் என்ன பேசப்படுகிறது என்று பார்க்கும், செலவைக் கணக்கில் சேர்க்கும். 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிவுறுத்தலில், ஏஐ கொண்டு செய்த ஒலிப்பதிவின் முதல் 10 விழுக்காட்டு நேரத்தில் அதைத் தெரிவிக்கும் அறிவிப்பு இருக்கவேண்டும் என்றது. 30 விநாடி அழைப்பில் அது 3 விநாடி. அறிவிப்பே இல்லாமல் ஓர் அழைப்பு போனால் அது எந்த நிறுவனத்தின் வாசல் வழியாக, யார் கட்டிய பணத்தில், எந்த எண்ணிலிருந்து போனது என்று தேர்தல் நாளுக்குள் சொல்லக்கூடியவர்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் டிராயும்தான். தேர்தல் பிரசார அழைப்புகளுக்கென்று 140, 1600 போலத் தனி எண் வரிசை ஒதுக்கி, முன்சான்று எண் இல்லாமல் அந்த வரிசையில் அழைப்பை ஏற்றாதே, வேறு வரிசையிலிருந்து மொத்தமாகக் கிளம்பினால் இணைப்பைத் துண்டி என்று நிறுவனங்களுக்குச் சொல்ல, குரல் அசலா போலியா என்று யாரும் ஆராயவேண்டியதில்லை. அந்த உத்தரவைப் பிறப்பிக்கத் தேர்தல் ஆணையமும் டிராயும் ஒரே மேசையில் உட்காரவேண்டும்.